வெளிநாட்டுப் பிரயாணமும் விசா நியதிகளும்
(மயிலாப்பூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வியிலே பற்றும் பொது நன்மையிலே நாட்டமும் கொண்ட ஒரு பெருந்தகை, தாம் தேடிய பொருளில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைத்து, ஆண்டுக்கொரு முறை ஒரு விஷயத்தைப் பற்றி ஒருவர் பேசவும் பலர் இருந்து கேட்கவும் வேண்டுமென்று சங்கற்பித்தார். அந்தச் சங்கற்பத்தின் பயனாகவே நாம் இன்று மாலை இங்கே கூடியிருக்கிறோம். காவியங்களைப் பற்றியும் தரிசனங்களைப் பற்றியும் சங்கீத லக்ஷணங்களைப் பற்றியும் வித்வான்கள் பேசுவதற்கென்றே அமைந்தவை போலத் தோன்றும் இத்தகைய மேடைகளில், விசா என்னும் சர்க்கார் விவகாரத்தை நான் பொருளாக எடுத்துக்கொண்டது சிலருக்கு விநோதமாகப் படலாம். ஆயினும் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளிலும், அடையாறு காந்தி நகரிலும், தியாகராய நகரத்துத் தெருக்களிலும், பிள்ளையோ பெண்ணோ கடலுக்கு அப்பால் குடியிருக்காத வீடு இன்று அபூர்வம் என்பதையும், மாலையில் நாகேசுவர ராவ் பூங்காவில் உலாவ வரும் பெரியவர்கள் ஒருவரையொருவர் க்ஷேமம் விசாரித்த மறுகணமே “அப்பாயின்ட்மெண்ட் கிடைத்துவிட்டதா?” என்று கேட்பதையும் நினைத்துப் பார்த்தால், நம் குடும்ப வாழ்வின் மையத்திலே வந்து உட்கார்ந்துவிட்ட ஒரு விஷயத்தை நாம் சாவதானமாக ஒரு மணி நேரம் ஆலோசிப்பது தகாத காரியம் ஆகாது என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

முன்னாள் வழக்கம்

அயலான் ஒருவன் நம் எல்லைக்குள் வருமுன் அவனை நிறுத்தி விசாரிப்பது நவீன ராஜ்யங்கள் கண்டுபிடித்த கொடுமை என்று பலர் எண்ணுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூரின் கீழ்த்திசைச் சுவடி நிலையத்துக்குக் கொடுத்த ஏட்டிலிருந்து சாம சாஸ்திரிகள் 1909-ஆம் ஆண்டில் அச்சேற்றிய கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தைப் பார்த்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். அந்நூலிலே முத்ராத்யக்ஷர் என்றோர் அதிகாரி வருகிறார். நாட்டுக்குள் வருவோருக்கும் நாட்டை விட்டுப் போவோருக்கும் முத்திரையிட்ட சீட்டு வழங்குவது அவருடைய உத்தியோகம். சீட்டு ஒன்றுக்கு ஒரு மாஷம் கட்டணம். சீட்டு இல்லாதவனுக்கும் பொய் முத்திரை கொண்டவனுக்கும் தண்டம் உண்டு. கட்டணம், சீட்டு, தண்டம் ஆகிய மூன்றும் அன்றே இருந்திருக்கின்றன.

ஆனால் சாஸ்திரத்திலே இருப்பது வேறு, அனுபவத்திலே இருப்பது வேறு. 1914-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17-ஆம் தேதி, சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘நெவாஸா’ என்னும் கப்பலில், அதே துறைமுகத்தின் கணக்குப் பகுதியிலே குமாஸ்தாவாக இருந்த ஸ்ரீநிவாச ராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். சமுத்திரத்தைத் தாண்டலாமா என்னும் ஆசாரக் கேள்வி அவரையும் அவர் குடும்பத்தாரையும் வெகுவாக அலைக்கழித்தது. போய் இறங்கும் தேசத்தார் உள்ளே விடுவார்களா என்னும் கேள்விக்கோ அன்று இடமே இருக்கவில்லை. ஏனெனில் இந்தியாவிலிருந்து புறப்படுகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் வழங்கும் வழக்கமே அப்பொழுது கிடையாது. அவர் கரையேறிச் சில மாதங்களுக்குள் மகாயுத்தம் மூண்டது. யுத்தத்தை முன்னிட்டு இயற்றப்பட்ட இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நாட்டை விட்டுப் போகவும் நாட்டுக்குள் வரவும் பாஸ்போர்ட் கட்டாயம் ஆயிற்று. யுத்தம் முடிந்த பிறகும் அந்தக் கட்டாயம் தொலையாமல், 1920-ஆம் ஆண்டின் இந்தியப் பாஸ்போர்ட் சட்டமாக நிலைபெற்றது. பாஸ்போர்ட் இன்றிப் போன ராமானுஜன், 1919-இல் நோயுற்ற தேகத்தோடு திரும்பி வருகையில், புகைப்படம் ஒட்டிய பாஸ்போர்ட் ஒன்றுடன் வந்தார். பிற்காலத்திலே, ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டி தம் அருமை நண்பரின் படம் ஒன்று வேண்டுமென்று விரும்பியபோது, இளமையில் இதே மயிலாப்பூரில் வாழ்ந்த விண்ணியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1936-இல் தாய்நாடு வந்த சமயம் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைக் கண்டு விசாரிக்க, அந்தப் பாஸ்போர்ட்டில் இருந்த படமே அகப்பட்டது. இன்று உலகமெங்கும் கணித மேதையின் திருவுருவமாக நாம் காணும் படம், எல்லைக் காவலர் பார்ப்பதற்காக எடுக்கப்பட்ட படமேயாகும். ஒரு மனிதர் தம் வாழ்நாளிலேயே போகும்போது ஒரு யுகத்திலும் வரும்போது மற்றொரு யுகத்திலும் பிரயாணம் செய்தார் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாக்ஷியம் வேண்டியதில்லை.

1920 அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸ் நகரிலே ராஜ்யங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். முப்பத்திரண்டு பக்கங்கள் கொண்ட புத்தக வடிவிலே பாஸ்போர்ட் அமைய வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். யுத்தத்துக்கு முன் இருந்த தடையற்ற நிலை படிப்படியாகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கையையும் அவர்கள் வெளியிட்டார்கள். தீர்மானம் நிலைத்தது, நம்பிக்கை நிறைவேறவில்லை.

நமக்கு மிக அணுக்கமான திருஷ்டாந்தம் இலங்கை. எழும்பூரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ‘போட் மெயில்’ ஏறி, 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் வழியாகத் தனுஷ்கோடி சேர்ந்து, கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்குப் போவது, ஒரே பிரயாணமாகவே வெகுகாலம் இருந்தது. இரு தேசங்களும் சுதந்திரம் பெற்றதும், இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதை ஒட்டிய குடிவரவுச் சட்டமும் அந்தக் குறுகிய கடலிலே ஒரு வாசலையும் வாயிற்காப்போனையும் நிறுத்தின. அண்ணன் இக்கரையிலும் தம்பி அக்கரையிலுமாக வாணிபம் செய்த குடும்பங்கள், ஒருவர் வீட்டுச் சடங்குக்கு மற்றவர் போவதற்கு விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள் ஆனார்கள். 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடியே அழிந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். கப்பல் மீண்டது, பாஸ்போர்ட்டும் குடிவரவுச் சோதனையும் இல்லாத பிரயாணம் மீளவில்லை.

போகும் உரிமையும் நுழையும் அனுமதியும்

சரித்திரத்தை இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. விசா மறுக்கப்பட்டவர்கள் என்னிடம் முறையிடும்போதெல்லாம் ஒரு மயக்கத்தை நான் கண்டு வருகிறேன். தம் உரிமை ஒன்றை யாரோ பறித்துவிட்டதாக அவர்கள் மனம் புழுங்குகிறார்கள். எந்த இடத்திலே உரிமை முடிந்து அனுமதி தொடங்குகிறது என்பது தெளிவுபட்டால் அந்தப் புழுக்கம் பாதி தணியும்.

நாட்டை விட்டு வெளியே போவது நம் உரிமை என்பது நம் நீதிமன்றங்கள் வரையறுத்த விஷயம். பாஸ்போர்ட்டைத் திருப்பி ஒப்படைக்கும்படி அதிகாரிகள் கேட்டதை எதிர்த்துச் சத்வந்த் சிங் சாஹ்னி என்னும் வர்த்தகர், உதவிப் பாஸ்போர்ட் அதிகாரி ராமரத்னம் முதலியோர்மீது தொடுத்த வழக்கிலே, சென்னை உயர்நீதிமன்றத்தில் முன்னர் நீதிபதியாக இருந்த சுப்பா ராவ் அவர்கள் பிரதம நீதிபதியாக வீற்றிருந்த உச்ச நீதிமன்றம், 1967 ஏப்ரல் 10-ஆம் தேதி, ஐவரில் மூவர் கருத்தாகத் தீர்ப்பளித்தது. அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் சுதந்திரத்திலே வெளிநாட்டுப் பிரயாணமும் அடங்கும் என்றும், தக்க சட்டம் ஒன்று இல்லாமல் அதிகாரியின் மனம்போனபடி அதை மறுக்கலாகாது என்றும் சொன்னது அத்தீர்ப்பு. அதன் விளைவாகவே அதே ஆண்டிலே பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. 1978-இல் மேனகா காந்தி வழக்கிலே அந்தத் தத்துவம் மேலும் உறுதிப்பட்டது.

ஆகவே அண்ணா சாலையிலுள்ள பாஸ்போர்ட் அலுவலகமோ, அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் ஆகிய இடங்களிலுள்ள சேவா கேந்திரங்களோ நமக்குப் பாஸ்போர்ட் கொடுக்க மறுத்தால், காரணம் கேட்கவும் மேல்முறையீடு செய்யவும் நமக்குச் சாசன பலம் உண்டு. ஜெமினி என்று நாம் இன்னமும் வழங்கும் அண்ணா மேம்பாலத்தின் அருகிலுள்ள அமெரிக்க கான்சலேட்டுக்குள் அடி வைத்தவுடனேயோ அந்தப் பலம் நின்றுவிடுகிறது. தம் எல்லைக்குள் யாரை ஏற்பது என்பதை அந்தந்த ராஜ்யமே நிர்ணயிக்கும் என்பது சர்வதேச தர்மம். அமெரிக்கப் பிரயாணி விசா மறுக்கப்பட்டால் முறையிட மேல்மன்றம் இல்லை. மறுபடி கட்டணம் செலுத்தி மறுபடி விண்ணப்பிக்கலாம், அவ்வளவே. பிரிட்டனிலும் சாதாரண விஜயத்துக்கான விசா மறுப்புக்கு அப்பீல் கிடையாது. ஒரே விசாவைப் பொதுவாகக் கொண்ட ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளோ மறுப்பின் காரணத்தைக் குறித்த ஒரு படிவத்தில் தெரிவிப்பதையும், மேல்முறையீட்டுக்கு வழி விடுவதையும் தம் சட்டத்திலேயே விதித்துக்கொண்டிருக்கின்றன. இதை உணர்ந்தவர், கேட்பது நம் உரிமையல்ல என்பதால் பணிவோடும், நாம் யாசகரும் அல்லர் என்பதால் அச்சமின்றியும் விண்ணப்பிப்பார்.

மூன்று கேள்விகள்

ஒவ்வொரு தேசத்தின் விசா நியதிகளையும் தனித்தனியே படிப்பவருக்குத் தலை சுற்றும். படிவங்கள் வேறு, புகைப்பட அளவுகள் வேறு, கட்டணங்கள் வேறு. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், வீட்டு வாசலிலே நின்று வருபவனைப் பார்த்து ஒரு கிருகஸ்தன் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளே அவற்றினுள் மறைந்திருப்பது புலப்படும். எதற்காக வருகிறாய்? இருக்கும்வரை உன் செலவை யார் தாங்குவார்? எப்பொழுது திரும்பிப் போவாய்? கேட்கப்படும் ஒவ்வொரு காகிதமும் இம்மூன்றில் ஒன்றுக்கு விடையாகவே கேட்கப்படுகிறது. இந்தச் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டால், எந்தத் தஸ்தாவேஜு அவசியம், எது வீண் சுமை என்பது தானே விளங்கும்.

அமெரிக்கா இக்கேள்விகளை முகத்துக்கு நேரே கேட்கிறது. 1794-இலேயே வில்லியம் ஆபட் என்பவரைச் சென்னையில் தன் பிரதிநிதியாக வைத்துக்கொண்ட அத்தேசத்தின் கான்சலேட்டிலே, இன்று ஒருவர் ஜன்னலின்முன் நிற்கும் நேரம் இரண்டு மூன்று நிமிஷங்கள்தாம். அத்தேசத்தின் 1952-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214-ஆம் பிரிவு ‘பி’ உட்பிரிவு, தற்காலிக விசா கேட்டு வருபவரை நிரந்தரமாகக் குடியேற வருபவர் என்றே அனுமானிக்கும்படி அதிகாரிக்கு ஆக்ஞை செய்கிறது. அந்த அனுமானத்தைக் கலைக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. நம் பெரியவர் ஒருவர் வீட்டுப் பத்திரம், வரி ரசீது, வங்கிப் புத்தகம் எல்லாம் அடங்கிய பருத்த கோப்பை அணைத்துக்கொண்டு போய் நிற்க, அதிகாரி அதைத் திறந்துகூடப் பாராமல் இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிடுவதன் ரகசியம் இதுதான். முன்னரே இணையத்தில் நிரப்பிய டி.எஸ். 160 என்னும் படிவமே அவர் கண்முன் இருக்கிறது. அதிலே எழுதியதும் வாயிலே சொல்வதும் ஒத்திருக்கின்றனவா என்பதையே அவர் பார்க்கிறார். கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர், மறுத்தாலும் திரும்பாது. எழுபத்தொன்பது வயதைக் கடந்தவர்களுக்கும் பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் முன்னர் நேர்காணலிலிருந்து பொதுவிலக்கு இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அது நீக்கப்பட்டது. பழைய பிரயாணி விசா காலாவதியாகி ஓராண்டுக்குள் புதுப்பிப்பவர்களுக்கு மாத்திரம், சில நிபந்தனைகளோடு, சலுகை எஞ்சியிருக்கிறது. பழைய வழக்கத்தை நம்பிப் பாட்டனார்களை வீட்டிலேயே உட்கார வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் பெரும்பாலும் காகிதத்தின் மூலமே கேட்கின்றன. விண்ணப்பத்தையும் கைரேகையையும் வாங்கி அனுப்பும் வேலையை 2001-இல் மும்பையில் தோன்றிய வி.எஃப்.எஸ். போன்ற நிறுவனங்களிடம் அவை ஒப்படைத்திருக்கின்றன. அங்கே மேஜைக்குப் பின்னால் இருக்கும் இளைஞரோ யுவதியோ விசா கொடுப்பவரும் அல்லர், மறுப்பவரும் அல்லர். அவர்களிடம் மன்றாடுவதிலும் கோபிப்பதிலும் பிரயோஜனம் இல்லை. நம் சார்பிலே பேசப்போவது நாம் கொடுத்த காகிதம் ஒன்றே.

ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க் நாட்டின் ஒரு சிற்றூர். அதை ஒட்டி ஓடும் மோஸல் நதியிலே ஒரு படகின்மேல் 1985 ஜூன் 14-ஆம் தேதி ஐந்து தேசங்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, இன்று 29 தேசங்களை உள்ளடக்கி நிற்கிறது. ஒரு விசா பெற்றால் அத்தனைக்கும் போகலாம் என்பதால், எந்தத் தேசத்திடம் கேட்பது என்பதில் நம்மவர் தடுமாறுகிறார்கள். எங்கே அதிக நாட்கள் தங்குகிறோமோ அத்தேசத்திடம் கேட்க வேண்டும்; நாட்கள் சமமானால் முதலில் நுழையும் தேசத்திடம். பிரான்ஸிலே எட்டு நாள் தங்கும் உத்தேசத்தோடு, அப்பாயின்ட்மெண்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு தேசத்திடம் விண்ணப்பிப்பது, முதற் கேள்விக்கே பொய்விடை சொல்வதாகும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருத்தல் வேண்டும். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் வேண்டும். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளைக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். 180 நாட்களுக்குள் 90 நாள்தான் தங்கலாம் என்னும் விதியை, ஆண்டிலே இரண்டு தவணை என்று பொருள் கொள்ளலாகாது; அங்கே இருக்கும் எந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டாலும், 180 நாட்களுக்குள் தங்கியவை தொண்ணூறைத் தாண்டாதிருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. 2024 ஏப்ரலில் நம் நாட்டவருக்கென்று வகுக்கப்பட்ட முறைப்படி, மூன்றாண்டுகளுக்குள் இரண்டு விசாக்களை ஒழுங்காக உபயோகித்தவர் அடுத்து இரண்டாண்டு விசாவும், அதன் பின் ஐந்தாண்டு விசாவும் பெற வழி உண்டு. சொன்ன நாளில் திரும்பியவரை நம்புவது என்னும் நியாயமே இங்கும் தெரிகிறது.

ஆசிய அயலவர்கள் பலர் வாசலை அகலத் திறந்திருக்கிறார்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் நம்மவரை முப்பது நாள் விசாவின்றி அனுமதிக்கிறது. எனினும் போகுமுன் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விசா தேவை. தியாகராய நகரின் வடக்கு போக் சாலையில் துணைத் தூதரகம் இருந்தும், பொதுவாக அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டுகள் மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும். இலங்கை இணைய வழியே முன் அனுமதி தருகிறது. நேபாளத்துக்கு விசா வேண்டியதில்லை. பாஸ்போர்ட் இல்லாவிடில் வாக்காளர் அட்டையே போதும். விசா வேண்டாம் என்ற தேசத்திலும் கேள்விகள் நிற்பதில்லை. திரும்பும் டிக்கெட்டையும், கையிருப்பையும், தங்குமிடத்தையும் விமான நிலையத்திலே கேட்பார்கள். சில தேசங்கள் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் எஞ்சியிருக்க வேண்டும் என்று விதிப்பதால், விசாவே வேண்டாத பிரயாணம் மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே நின்றுபோவதும் உண்டு.

நம்மவர்க்கே உரிய சங்கடங்கள்

பொதுவிதிகள் எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் தமிழ்க் குடும்பத்தின் அமைப்பு அந்தப் படிவங்களின் கட்டங்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. அயல்நாட்டு அதிகாரிக்குச் சந்தேகம் விளைவிப்பவை பெரும்பாலும் நம் குற்றங்கள் அல்ல, நம் வழக்கங்களே.

முதலாவது, பெயர். சுந்தரத்தின் மகன் கிருஷ்ணமூர்த்தி ‘சு. கிருஷ்ணமூர்த்தி’ என்று ஆயுள் முழுவதும் கையெழுத்திட்டு வந்தார். பாஸ்போர்ட் படிவம் இனிஷியலை ஏற்பதில்லை. குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கேட்கிறது. தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதினால், அயல்நாட்டு விமான நிலையங்களில் எல்லாரும் அவரை மிஸ்டர் சுந்தரம் என்று அழைக்கிறார்கள். அவர் மனைவி மிஸஸ் கிருஷ்ணமூர்த்தி. பிள்ளையோ வேறு பெயர்க்காரன். கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டால் அமெரிக்க விசாவிலே உள்ள ஒரே பெயர் குடும்பப் பெயராகி, முதற்பெயர் தெரியாது என்பதற்கு அடையாளமான ‘எஃப்.என்.யூ.’ என்னும் மூன்றெழுத்து அவருடைய முதற்பெயராகவே நின்றுவிடுகிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மாத்திரம் உள்ள பாஸ்போர்ட்டோடு வரும் பிரயாணிகளை ஏற்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர்த் தளர்த்தியது. நம் பெயரிடும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு குடும்பத்திலே ஒரே முறையைப் பின்பற்றுங்கள். பாஸ்போர்ட்டிலும் டிக்கெட்டிலும் விசாவிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும் என்பதே வேண்டுகோள்.

இரண்டாவது, பொருள். மேற்கத்திய அதிகாரி ஒருவருடைய வசதியை மாதந்தோறும் வங்கியில் வந்து சேரும் பணத்தைக் கொண்டு அளக்கிறார். மயிலாப்பூர் கிருகஸ்தருடைய செல்வமோ பாகம் பிரியாத பூர்விக வீட்டிலும், லாக்கரில் உறங்கும் நகையிலும், மனைவி பெயரில் உள்ள டெபாசிட்டிலும் இருக்கிறது. பென்ஷன் வந்த மறுநாளே செலவுக்கு எடுத்துவிடுவதால் கணக்குப் புத்தகத்திலே மிச்சம் சொற்பம். ஆகவே டெபாசிட் ரசீதுகள், பென்ஷன் உத்தரவு, வருமான வரிக் கணக்கு, செலவை ஏற்கும் மகன் அல்லது மகளின் கடிதமும் வருமானச் சான்றும் ஆகியவற்றை முறையாகச் சேர்த்து, இன்னது இன்னாருடையது என்று ஒரு பக்கக் கடிதத்தில் விளக்குவது அவசியம். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மைத்துனரிடம் கைமாற்று வாங்கிப் பெருந்தொகையைக் கணக்கிலே போட்டுக் காட்டுவது, அந்த அதிகாரிகள் அன்றாடம் கண்டு சலித்த உபாயம். பணம் எங்கிருந்து வந்தது என்பதையே அவர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, நோக்கம். மகளின் பிரசவத்துக்குத் தாய் போவது நமக்குத் தொன்று தொட்ட தர்மம். மகளோடு இருந்து வருவது உறவினரைக் காணும் விஜயத்திலே அடங்கும். அதை வெட்கமின்றி உள்ளபடி சொல்லலாம். பிறர் வீட்டுக் குழந்தையைக் கூலிக்குப் பார்த்துக்கொள்வது வேலை, அது கூடாது. சுற்றுலா விசாவிலே ஊதியம் பெறும் கச்சேரி செய்வதும் கூடாது என்பதைச் சங்கீத வித்வான்கள் நினைவில் வைக்க வேண்டும். காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காகக் கண்டம் கண்டமாகச் சென்று சுருள் சேகரித்து 1940-இல் வெளியிட்ட ஏ.கே. செட்டியார் இக்காலத்தில் புறப்பட்டிருந்தால், பல தேசங்களில் சுற்றுலா விசா அவருக்குப் போதாது. எடுத்துக்கொண்ட காரியத்துக்கு ஏற்ற வேறு அனுமதியை அவர் நாட வேண்டியிருந்திருக்கும். மேலும் அமெரிக்க விசாவிலே பத்தாண்டு என்று அச்சிட்டிருப்பது வாசலுக்கு வந்து தட்டுவதற்கான காலமே. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்து அதிகாரி ஒவ்வொரு முறையும் நிர்ணயிக்கிறார், அது வழக்கமாக ஆறு மாதத்துக்கு மேற்படுவதில்லை.

நான்காவதாக, விவாகச் சான்று. நம் பெற்றோர் தலைமுறையிலே முகூர்த்தப் பத்திரிகையும் ஊரார் சாக்ஷியுமே திருமணத்துக்கு ஆதாரம். தமிழ்நாட்டிலே விவாகப் பதிவு 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கட்டாயம் ஆயிற்று. அதற்கு முற்பட்ட விவாகங்களையும் சார்பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. தம்பதியாக விண்ணப்பிக்கும் முதியவர்கள் அவசரம் நேருமுன் அதைச் செய்து வைத்துக்கொள்வது நலம்.

பொய்யின் விலை

சென்னை விமான நிலையத்துக்கு அருகே ‘விசா கணபதி’ என்றே பெயர் பெற்ற பிள்ளையார் எழுந்தருளியிருக்கிறார். ஹைதராபாத்துக்கு அருகே சில்கூர் பாலாஜிக்கும் அத்தகைய கியாதி உண்டு. பிரார்த்தனையை நான் பரிகசிக்க வரவில்லை. மனத்துக்குத் தைரியம் தருவது எதுவாயினும் நன்றே. பிரார்த்தனையைச் செய்துவிட்டு விண்ணப்பத்தை ஏஜெண்டின் கையிலே கண்மூடிக் கொடுத்துவிடுகிறார்களே, அதைத்தான் நான் ஆக்ஷேபிக்கிறேன். நல்ல ஏஜெண்டுகள் பலர் உண்டு. ஆனால் இல்லாத உத்தியோகத்துக்குச் சான்று எழுதித் தருபவரும், முன் மறுக்கப்பட்ட விசாவை மறைத்துவிடச் சொல்பவரும் உண்டு. முன்பு எந்தத் தேசமாவது விசா மறுத்ததா என்னும் கேள்வி ஏறக்குறைய எல்லாப் படிவங்களிலும் இருக்கிறது. உண்மையாக ‘ஆம்’ என்று எழுதியவருக்கு மறுபடியும் கதவு திறப்பதுண்டு. மறைத்தவர் அகப்பட்டால், பிரிட்டனிலே பத்தாண்டுத் தடை. அமெரிக்காவிலே பொய்யுரைத்து விசா பெற முயன்றவர் என்னும் குறிப்பு ஆயுள் முழுவதும் தொடரக்கூடியது. ஏஜெண்டு எழுதினார், எனக்குத் தெரியாது என்னும் சமாதானம் எங்கும் ஏற்கப்படுவதில்லை; கையெழுத்து நம்முடையது.

நாமும் வாயிற்காப்போரே

இதுகாறும் நாம் விருந்தாளியாக வாசலில் நின்று பேசினோம். நாமும் ஒரு வாசலுக்கு உடையவர்கள் என்பதை மறக்கலாகாது. 2014 நவம்பர் முதல் நம் சர்க்கார் இணைய வழியே பிரயாணிகளுக்கு விசா வழங்குகிறது. மார்கழிக் கச்சேரிகளுக்காக நம் சபாக்களுக்கு வரும் வெளிநாட்டு ரசிகர்களில் பலர் அவ்வழியே வருகிறார்கள். 1920-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டமும், 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டமும் ரத்தாகி, 2025-ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வைத்தியத்துக்கும் கோயில் தரிசனத்துக்கும் வரும் நம் மொழியினரிடமும் நாம் அதே மூன்று கேள்விகளையே கேட்கிறோம். ஜெமினி மேம்பாலத்தருகே வரிசையில் நின்று மனம் நொந்தவர், தம் வீட்டு மாடியை அயல்நாட்டவருக்கு வாடகைக்கு விடும்போதும், அவர்களைப் பற்றிய விவரத்தை விதிப்படி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும்போதும், அந்த நோவை நினைவிற் கொண்டு மரியாதையோடு நடந்துகொள்வாரானால், அவர் பட்ட கஷ்டத்துக்கு ஓர் அர்த்தம் உண்டாகும்.

பெரியோர்களே, இன்று நான் குறிப்பிட்ட கட்டணங்களும் தேதிகளும் நாளையே மாறக்கூடும். அந்தந்தத் தேசத்தின் அதிகாரபூர்வமான அறிவிப்பைப் பார்க்காமல், என் சொல்லையோ பூங்கா நண்பர் சொல்லையோ நம்பி டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். மாறாதவை அந்த மூன்று கேள்விகளே. இச்சபையிலுள்ள இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் தெருவிலே தனித்திருக்கும் ஒரு முதிய தம்பதியைத் தேடிப் போய், அவர்கள் படிவத்தைக் கேள்வி கேள்வியாகத் தமிழில் சொல்லி, அவர்கள் சொல்லும் விடையையே எழுதுங்கள், உங்கள் விடையை எழுதாதீர்கள். முதியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் பெயரிலே செல்லும் காகிதத்தை நீங்களே ஒரு முறை முழுவதும் படியுங்கள், படிக்கக் கண் ஒத்துழையாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதிலே உண்மையல்லாத ஒரு வரி இருந்தாலும் கையெழுத்திட மறுத்துவிடுங்கள். விசா கிடைப்பதும் கிடைக்காததும் பிறர் கையில் இருக்கிறது. விண்ணப்பம் சத்தியமாக இருப்பது நம் கையில் இருக்கிறது.